ஆள் நடமாட்டமுள்ள தெரு

மஸ்கட்
9 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

உறையின் மேல் நிலோஃபர் என்ற பெயரைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். எழுதுவது நான், இளவரசி. நிலோஃபர் கோட்டக்குப்பத்துப் பெண். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. பதில் போடுவதானால் அவள் பெயருக்கு, இந்தத் தபால் பெட்டி எண்ணுக்குப் போடு. தயவுசெய்து என் ஃபோனுக்குக் கூப்பிடாதே. தினமும் சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் கையை நீட்டுவார், நான் ஃபோனைக் கொடுக்க வேண்டும். ஈமெயில் பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். காகிதம் ஒன்றைத்தான் அவர் யோசிக்கவில்லை. நீ போஸ்ட் ஆபீஸில் இருப்பதால் உனக்கு வரும் கடிதத்தை வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது என் கையில் இருந்த கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னாடி?" என்று கேட்டாய். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். நீ விடவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "உனக்குத்தான் புருஷன் நிலைக்கல, என் குடும்பத்தையும் கலைக்கணுமா?" மாமா விபத்தில் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கதவு என்று சொன்னது பொய், அக்கா. இப்போது கதவு என்று சொன்னால் நம்புவதற்குப் பிள்ளைகளும் சின்னவர்கள் இல்லை. வெண்ணிலாவுக்குப் பன்னிரண்டு, தமிழ்மணிக்கு எட்டு. போன மாதம் அவர் சத்தம் போட ஆரம்பித்ததும் வெண்ணிலா தங்கையைக் குளியலறைக்குள் இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே நடப்பது காதில் விழக்கூடாதாம். இதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை.

ஜூனில் லீவுக்கு வருகிறோம். நானும் பிள்ளைகளும் முதலில், அவர் ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரம்தான் என் கையில் இருப்பது. திரும்பிப் போகாமல் இருக்க ஒரு வீடு வேண்டும். பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும். எந்த ஊர், எந்தத் தெரு என்று நீயே பார்.

கேட்க எனக்கு உரிமை இல்லை. வேறு யாரும் இல்லை என்பதால் கேட்கிறேன்.

இளவரசி

*

பிரம்மதேசம்
10 மார்ச் 2025

இளவரசிக்கு, கெங்கம்மாள் எழுதுவது.

கடிதம் பதினைந்தாம் நாள் வந்தது. நீ அன்றைக்குச் சொன்னதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அது தனி, இது தனி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் நல்ல பள்ளிக்கூடங்கள் உண்டு. ஆனால் உன் மாமியார் வீடும் அங்கே. உன் கொழுந்தன் கோகுலகிருஷ்ணனின் டைல்ஸ் கடை பாண்டி ரோட்டிலேயே இருக்கிறது. கடைக்கு வராத ஆள் இல்லை. அந்த ஊர் வேண்டாம்.

கூட்டேரிப்பட்டில் ஒரு வீடு காலி. எல்லா பஸ்ஸும் நிற்கும், நல்ல தண்ணீர். ஆனால் பள்ளிக்கூடம் ஹைவேக்கு அந்தப் பக்கம். அரைமணி நேரம் நின்று பார்த்தேன். லாரி வருகிற வேகத்தில் என்னாலேயே ரோட்டைத் தாண்ட முடியவில்லை. குழந்தைகளை எப்படி அனுப்புவது?

பிரம்மதேசம், அதாவது என் வீடு. அவர் உன்னைத் தேடி முதலில் வருகிற இடம் இதுதான்.

திண்டிவனத்துக்கு வெளியே புதிதாக ஒரு நகர் போட்டிருக்கிறார்கள். நாற்பது மனை, கட்டி முடித்தது பன்னிரண்டு வீடு. சுற்றிலும் காம்பவுண்ட், ஒரே கேட், வாட்ச்மேன், கேமரா. பள்ளி வேன் கேட் வரைக்கும் வரும். பகலிலேயே அத்தனை அமைதி. அங்கே நீ இருப்பது யாருக்கும் தெரியவராது. இதைப் பேசி முடிக்கலாம் என்று இருக்கிறேன்.

எட்டாவது வரை டி.சி. இல்லாமலே சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டேன். யார் பிள்ளை என்று சொல்லவில்லை.

கெங்கம்மாள்

*

மஸ்கட்
30 மார்ச் 2025

அக்கா,

நிலோஃபர் உன் உறையை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். பாத்ரூமில் நின்று மூன்று தடவை படித்தேன்.

அந்த நகர் வேண்டாம் அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

இங்கே நாங்கள் இருப்பதும் அப்படி ஒரு இடம்தான். வெள்ளை வெள்ளையாக வீடுகள், உயரமான காம்பவுண்ட், கேட்டில் கேமரா. எங்கள் வீட்டைப் பார்க்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பதிமூன்று வருஷத்தில் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. ஏ.சி. ஓடுவதால் எல்லா ஜன்னலும் மூடியேதான் இருக்கும். ஒரு தடவை கத்தினேன். யாராவது மணி அடிப்பார்களா என்று காத்திருந்தேன். அவரும் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அடியைவிட அதிகமாகப் பயந்தேன்.

அமைதியான இடம் வேண்டாம். பக்கத்துச் சுவரில் சாய்ந்தால் அந்த வீட்டுக் குக்கர் விசில் கேட்கவேண்டும். மாடியில் துணி காயப்போட்டால் நாலு பேர் பார்க்கவேண்டும். ஆள் நடமாட்டம் இருக்கிற தெருவாகப் பார்.

உனக்குச் சுமை மேல் சுமை ஏற்றுகிறேன்.

இளவரசி

*

பிரம்மதேசம்
19 ஏப்ரல் 2025

இளவரசிக்கு,

உன் கடிதம் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒளிந்துகொள்ள வருகிறவள் கடைத்தெருவில் வீடு கேட்கிறாள். நாலு பேர் பார்த்தால் அந்த நாலு பேரில் ஒருவன் விழுப்புரத்தில் போய்ச் சொல்லமாட்டானா? இதை எழுதி, கிழித்துப் போட்டு, திரும்ப எழுதுகிறேன்.

ஏன் என்றால் போன ஞாயிறு மறுபடியும் அந்த நகருக்குப் போனேன். பகல் பதினோரு மணி. கேட்டுக்குள் நின்று, சும்மா, "யாராவது இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். வாட்ச்மேன் காதில் ஃபோன் பாட்டு. பன்னிரண்டு வீட்டில் ஒரு கதவும் திறக்கவில்லை. பஸ் ஏறித் திண்டிவனம் டவுனுக்கு வந்துவிட்டேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. கீழே மாவு மில், மேலே இரண்டு அறை வீடு. மில்லை நடத்துவது சின்னபொண்ணு என்ற அம்மாள், ஐம்பது வயது இருக்கும். காலையிலிருந்து இருட்டும்வரை மிஷின் ஓடும். மேலே தரை அதிரும். கேப்பை, மிளகாய், அரிசி என்று டின்னை வைத்துக்கொண்டு எந்நேரமும் பத்துப் பெண்கள் காத்திருப்பார்கள். எதிரில் அசன் பீவி என்று ஒருவர் தையல் மிஷின் போட்டிருக்கிறார். ரெண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம்.

சின்னபொண்ணு கேட்ட கேள்விக்கு அளவில்லை.

"எத்தினி பேரு? ஊட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"வெளிநாட்டுல."

"வருவாரா?"

பொய் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "வரக்கூடாதுன்னுதான் வீடு பாத்துக்கினு இருக்கேன்" என்றேன். கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டார். "சரி, வரச் சொல்லு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. உனக்காகப் பேசி முடித்தேன்.

கெங்கம்மாள்

*

மஸ்கட்
8 மே 2025

அக்கா,

சீக்கிரமாக எழுதுகிறேன். ஜூன் 12, வியாழக்கிழமை. சென்னைக்குக் காலை ஆறு மணிக்கு வருகிற விமானம். கோகுலகிருஷ்ணன் காருடன் வந்து நிற்பாராம். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் மூவரும் முதலில் போகிறோம் என்று ஏற்பாடு. விமான நிலையத்தில் வேறு பக்கம் போகப் பார்த்தால் உடனே இவருக்கு ஃபோன் போகும்.

நேற்று இவர், "என்ன ரொம்ப அமைதியா இருக்க?" என்று கேட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. தலைவலி என்றேன்.

பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெண்ணிலாவுக்கு ஏதோ புரிகிறது. நேற்றுத் தன் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் பெட்டியில் அடுக்கினாள். லீவுக்கு எதற்கடி என்று கேட்டதற்குப் பென்சில் டப்பாவையும் எடுத்து உள்ளே வைத்தாள்.

என்ன செய்யவேண்டும் என்று எழுது. பதில் வந்து சேர நேரம் இருக்குமா என்றே பயமாக இருக்கிறது.

இளவரசி

*

பிரம்மதேசம்
20 மே 2025

இளவரசிக்கு,

கவனமாகப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

ஓங்கூர் பாலம் தாண்டியதும் இடது பக்கம் ஒரு பெரிய ஓட்டல். சென்னையிலிருந்து வருகிற கார்கள் காப்பிக்கு நிற்கும் இடம். பிள்ளைக்கு வயிறு சரியில்லை, பாத்ரூம் போகவேண்டும் என்று சொல். பெண்கள் பாத்ரூம் பின்பக்கம். அதை ஒட்டிக் காய்கறி வண்டி வரும் கேட் ஒன்று உண்டு, எப்போதும் திறந்திருக்கும். எட்டு மணியிலிருந்து கேட்டுக்கு வெளியே நான் ஆட்டோவில் இருப்பேன்.

பாஸ்போர்ட் மூன்றும் உன் உடம்போடு இருக்கட்டும். பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிடு. ஃபோனையும் காரிலேயே விட்டுவிடு. திரும்பிப் பார்க்காதே, ஓடாதே, நடந்து வா.

அங்கே நிற்காவிட்டால் திண்டிவனத்தில் எங்காவது நிறுத்தச் சொல். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிவிட்டால் அப்புறம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கெங்கம்மாள்

*

திண்டிவனம்
20 ஜூன் 2025

அக்கா,

எட்டு நாள் ஆகிவிட்டது. உன் ஃபோனுக்கு அவர்கள் ஓயாமல் அடிக்கிறார்கள் என்று தெரியும். அதனால் எனக்கு ஃபோன் வேண்டாம் என்று நீ சொன்னது சரி. நேரில் வருவதும் சரியில்லை, உன்னைப் பின்தொடர்ந்து வரக்கூடும். ஒரே ஊர்ப்பக்கம் வந்த பிறகும் கடிதம்தான் நமக்கு வாய்த்திருக்கிறது.

நீ சொன்னபடி ஓடாமல் நடந்துதான் அந்தக் கேட்டைத் தாண்டினேன். காருக்குப் பக்கத்தில் கோகுலகிருஷ்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் உன் முகத்தைப் பார்த்தும் நான் ஒன்றும் பேசவில்லை. நாலு வருஷம் கழித்துப் பார்க்கிறேன், வாய் திறக்கவில்லை. அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வெண்ணிலா ஏழாவது, தமிழ்மணி மூன்றாவது. தமிழ் எழுத்து இருவருக்கும் தடுமாறுகிறது. தமிழ்மணி 'ழ'வைத் திருப்பிப் போடுகிறாள். முதல் இரண்டு நாள் மில் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். இப்போது தரை அதிர்ந்தால் சிரிக்கிறாள்.

எனக்குத்தான் பழகவில்லை. படியில் யார் ஏறினாலும் அவர் நடை மாதிரியே கேட்கிறது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மறுபடி எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கிறேன். இன்று அவர் விமானம் இறங்கும் நாள். காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மதியம் சின்னபொண்ணு அக்கா மேலே வந்து, "இன்னாமே, மூஞ்சி செத்துக் கெடக்குது?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். நம்பாத மாதிரி பார்த்துவிட்டுக் கேப்பைக் கூழ் கொண்டுவந்து வைத்தார்.

அவர் அங்கே வந்தாரா? எழுது.

இளவரசி

*

பிரம்மதேசம்
25 ஜூன் 2025

இளவரசிக்கு,

பயப்படாதே. கோகுலகிருஷ்ணன் இரண்டு தடவை வந்தான். வீட்டுக்குள் வந்து பார்த்துக்கோ என்று கதவைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுப் போனான். உன் புருஷன் இதுவரை இந்தப் பக்கம் வரவில்லை.

குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு நாலேகால் மணிக்கு வீடு வருகிறார்கள் அல்லவா? அந்த நேரத்துக்கு மட்டும் நீ கீழே மில்லில் வந்து நில். தமிழ்மணிக்கு 'ழ' எழுத ஒரு கோடு போட்ட நோட்டு அடுத்த தபால் பையில் அனுப்புகிறேன்.

சாப்பிடு.

கெங்கம்மாள்

*

திண்டிவனம்
28 ஜூன் 2025

அக்கா,

புதன்கிழமை நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமை எனக்கு வந்தது. தபால்காரர் கொண்டுவரவில்லை. அவர் கொண்டுவந்தார்.

நாலரை மணி. பிள்ளைகள் வந்து பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், கதவு திறந்திருந்தது. கீழே மில் ஓடிக்கொண்டிருந்ததால் படியில் ஏறிய சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நிற்கிறார். கையில் உன் கடிதம், உன் கையெழுத்தில் இந்தத் தெருப் பெயர். கோபமே இல்லை. சிரித்த முகம்.

"வண்டி தெருமுனையில நிக்குது. பத்து நிமிஷம். பேக் பண்ணு" என்றார்.

எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தேன், இப்படிச் சொல்லவேண்டும், அப்படிக் கத்தவேண்டும் என்று. ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன் அக்கா, குனிந்து துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டேன். பதிமூன்று வருஷப் பழக்கம். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தத் திரும்பினார்.

வெண்ணிலா தங்கையை இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் அவர் கைக்குக் கீழே குனிந்து படியில் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மில் நின்றது. அவள் போய் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள்.

அந்தத் தெருவில் பகலில் மில் நின்று நான் பார்த்ததே இல்லை. எதிரில் தையல் மிஷினும் நின்றது. கீழே சின்னபொண்ணு அக்கா குரல், "யார்ரா அது கரண்ட்ட நிறுத்தினது? இன்னாடி ஆச்சு?"

"மேல அப்பா வந்துட்டார்" என்று வெண்ணிலா சொன்னது மாடிவரை கேட்டது.

கை நிறைய மிளகாய்த் தூளோடு சின்னபொண்ணு அக்கா ஏறி வந்தார். பின்னாலேயே டின் வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்கள்.

"இது எங்க குடும்ப விஷயம்மா. நீங்க போங்க" என்றார் இவர், மரியாதையாகத்தான்.

"குடும்ப விஷயம்னா பேசு சார். கதவ ஏன் சாத்தற?"

"என் பொண்டாட்டி, என் பசங்க. கூப்பிட்டுக்கினு போறேன்."

சின்னபொண்ணு அக்கா என்னைப் பார்த்தார். "நீ சொல்லுமே. போறியா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கையில் தமிழ்மணியின் பாவாடை. "போகல" என்றேன். சத்தமே இல்லை. "காதுல உழல. இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன்.

அவர் முகம் மாறியது. எனக்குத் தெரிந்த அந்த முகத்தை அத்தனை பேரும் அன்றைக்குப் பார்த்துவிட்டார்கள். என்னை நோக்கி ஒரு எட்டு வைத்தார். சின்னபொண்ணு அக்கா மிளகாய்த் தூள் கையை விரித்து நடுவில் நின்றார். மற்றவர்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அசன் பீவி அம்மா எதிர்வீட்டு வாசலிலிருந்து மகளிர் போலீசுக்கு ஃபோன் செய்துவிட்டார். அவர்கள் வர நாற்பது நிமிஷம். அத்தனை நேரமும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அவர் இறங்கவும் வழி இல்லாமல், என் பக்கம் வரவும் முடியாமல் நின்றார்.

போலீஸ் வந்து அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு ஃபோன் செய்யவா என்று சின்னபொண்ணு அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஏனென்றால் ஒன்று கேட்கவேண்டும், கேட்கப் பயமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை நீ கொடுத்தாயா?

இளவரசி

*

பிரம்மதேசம்
30 ஜூன் 2025

இளவரசி,

கொடுக்கவில்லை. ஆனால் அவர் கைக்குப் போனது என்னால்தான்.

புதன்கிழமை உனக்குக் கடிதத்தை எழுதி ஒட்டிவிட்டேன். தபால் பை கட்ட இன்னும் கால்மணி நேரம் இருந்தது. மேசைமேல் மற்ற தபால்களோடு வைத்தேன். அப்போது உன் புருஷன் தேவநாதன் உள்ளே வந்தார். தாடி வளர்ந்து, கண் சிவந்து, ஆளே பாதியாகி இருந்தார். "பசங்க நல்லா இருக்காங்களா, அத மட்டும் சொல்லுங்க அக்கா" என்று கும்பிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். உள்ளே போய்க் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, "வர்றேங்க அக்கா" என்று போய்விட்டார்.

அந்தத் தண்ணீர் எடுத்துவர எத்தனை நேரம் ஆகும்? தபால்களைப் பைக்குள் போடும்போது உன்னுடையதும் அதில் இருக்கிறது என்றே நினைத்தேன். எண்ணிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு தபால் என் மேசையிலிருந்து போனதில்லை. போனது உன்னுடையது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக்கூடாது. அவர் வந்துபோனதை உடனே உனக்குச் சொல்ல வழி இருந்தது. மில்லுக்கு ஃபோன் செய்திருக்கலாம். செய்யவில்லை. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுக் காரணம் இல்லை. அவர் அழுததைப் பார்த்து, ஒருவேளை திருந்திவிட்டாரோ என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்தேன். உன் கையைப் பார்த்த நானே அப்படி நினைத்தேன்.

போலீஸ் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் இதையும் சேர்த்துச் சொல்வேன். தபால் காணாமல் போனதை மேலிடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன வந்தாலும் வரட்டும்.

அந்தத் தெருவுக்கு முழுச் சம்மதம் இல்லை என்றவள் நான்.

கெங்கம்மாள்

*

திண்டிவனம்
13 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. கோபம் இருந்தது. நாலு நாள் உன்மேல் கோபமாகவே மில்லில் டின் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் யோசித்தேன். அவர் அழுது நான் எத்தனை தடவை நம்பியிருக்கிறேன்! பதிமூன்று வருஷம் நான் நம்பியதை நீ ஒரு ராத்திரி நம்பினாய்.

கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் வரக்கூடாது. எட்டாம் தேதி மஸ்கட் திரும்பிவிட்டதாக நிலோஃபர் சின்னபொண்ணு அக்கா ஃபோனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். பிள்ளைகளின் டி.சி.யையும் அவளே வாங்கி அனுப்பிவிட்டாள். வக்கீல், வழக்கு இழுக்கும் என்கிறார். பிள்ளைகளைக் கேட்டு அவரும் மனுப் போடுவாராம். உத்தரவு என்பது ஒரு காகிதம்தானே. அதைப் பீரோவில் வைத்தேன், பிறகு எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். இப்போது அசன் பீவி அம்மா ஒரு நகல் எடுத்துத் தன் தையல் கடையில் வைத்திருக்கிறார்.

வெண்ணிலா அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுத்தான், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, மிஷினை நிறுத்தினதுக்கு அந்த ஆன்ட்டி என்னைத் திட்டவே இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். திட்டுவார்கள் என்று தெரிந்தும்தான் போய் நிறுத்தியிருக்கிறாள். இன்னொரு தோசை போட்டேன்.

மறைந்திருக்க வேண்டிய அவசியம் இனி இல்லை என்று வக்கீல் சொன்னதால் இன்று ஒரு ஃபோன் வாங்கினேன். பாஸ்வேர்டு நானே போட்டேன். எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் நாளை மறுநாள் உன் மேசைக்கு வந்துவிடும். படித்ததும் கூப்பிடு. மணி அடித்தால் முதலில் எனக்கு உடம்பு நடுங்கும், அது இன்னும் போகவில்லை. எடுக்க நேரமாகிறதே என்று நீ வைத்துவிடாதே. நடுங்கிக்கொண்டே எடுத்துவிடுவேன்.

உன் தங்கை
இளவரசி